டிஎல்எல்லை எங்கே போடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சி++ல் கணக்கு வைக்கும் ஒரு சின்ன அப்ளிகேஷன் எழுதி, இன்னோ செட்டப்பில் இன்ஸ்டாலரும் செய்துவிட்டேன். என் கம்ப்யூட்டரில் அருமையாக ஓடுகிறது. வேறொருவர் கம்ப்யூட்டரில் போட்டால் 'விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை' என்று சொல்லி நின்றுவிடுகிறது. அந்த ஃபைலை இன்ஸ்டாலர் வழியாகவே சிஸ்டம்32 ஃபோல்டரில் காப்பி செய்துவிடு என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். டிஎல்எல் என்பது அப்ளிகேஷன் ஓடும்போது எடுத்துப் பயன்படுத்தும் கோடு அடங்கிய தனி லைப்ரரி ஃபைல். சிஸ்டம்32 விண்டோஸின் வீடு, அதில் உங்கள் இன்ஸ்டாலருக்கு வேலை இல்லை. நண்பர் சொன்ன வைத்தியம் இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் எல்லோரும் செய்ததுதான், அதனால் வந்த வினையைக் கீழே இன்னொரு கேள்வியில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் ஏன் ஓடுகிறது என்று பார்ப்போம். நீங்கள் விஷுவல் ஸ்டுடியோ (மைக்ரோசாஃப்டின் புரோகிராம் எழுதும் கருவி) போட்டபோதே அதனுடன் இந்த ரன்டைம் ஃபைல்களும் (சி++ அப்ளிகேஷன்கள் ஓடத் தேவையான பொது டிஎல்எல்கள்) வந்து உட்கார்ந்துவிட்டன, உங்கள் அப்ளிகேஷன் அவற்றைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. மற்றவரிடம் விஷுவல் ஸ்டுடியோ இருக்காது. வேறு ஏதாவது சாஃப்ட்வேர் அந்த ரன்டைமைக் கொண்டுவந்திருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. 'பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஓடுது, ரெண்டு பேருக்கு ஓடலை' என்று வரும் புகார்களில் நிறைய இந்த வகைதான்.

ஒரு டிஎல்எல்லை எங்கே தேடுவது என்பதற்கு விண்டோஸில் ஒரு வரிசை உண்டு. அதே பெயரில் ஏற்கெனவே மெமரியில் ஏறிய டிஎல்எல், கெர்னல்32 மாதிரி விண்டோஸ் தனியாகக் குறித்து வைத்திருக்கும் சில டிஎல்எல்கள், இவற்றைத் தள்ளிவிட்டால் முதலில் பார்ப்பது உங்கள் எக்ஸிஇ (அப்ளிகேஷனை ஓட்டும் ஃபைல்) இருக்கும் ஃபோல்டரைத்தான். அதற்குப் பிறகுதான் சிஸ்டம்32, விண்டோஸ் ஃபோல்டர், அப்போதைய ஒர்க்கிங் ஃபோல்டர் (அப்ளிகேஷன் அந்த நேரத்தில் தன் இடமாக எடுத்துக்கொண்டிருக்கும் ஃபோல்டர்), கடைசியில் பாத் (விண்டோஸ் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்). உங்கள் பக்கத்திலேயே வைத்தால் விண்டோஸ் முதலில் அங்கேதான் வந்து பார்க்கப்போகிறது, அப்புறம் எதற்கு ஊரான் வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும்? உங்கள் அப்ளிகேஷனுக்கு மட்டும் உரிய லைப்ரரிகள் எல்லாம் எக்ஸிஇ பக்கத்தில், அவ்வளவுதான்.

விசி ரன்டைம், அதாவது விசிரன்டைம்140 உள்ளிட்ட அந்த ரன்டைம் ஃபைல்கள், மட்டும் கொஞ்சம் வேறு ஜாதி. அதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, மைக்ரோசாஃப்ட் தரும் விசி ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் பேக்கேஜை உங்கள் இன்ஸ்டாலருக்குள் வைத்து, இன்ஸ்டால் நடக்கும்போது குவையட், நோரீஸ்டார்ட் ஸ்விட்ச்களோடு (கேள்வி கேட்காமல், ரீஸ்டார்ட் செய்யாமல் ஓடச் சொல்பவை) ஓட விடுவது. நான் பரிந்துரைப்பது இதைத்தான், ஏனென்றால் நாளை அந்த ரன்டைமில் பாதுகாப்புக் கோளாறு ஏதாவது கண்டுபிடித்தால் புதிய பேக்கேஜ் வந்ததும் உங்கள் அப்ளிகேஷனுக்கும் சேர்த்துச் சரியாகிவிடும், நீங்கள் புதிய பதிப்பு வெளியிட வேண்டியதில்லை. அது திருப்பித் தரும் எண்ணை மட்டும் கவனியுங்கள்: 0 என்றால் முடிந்தது, 3010 என்றால் முடிந்தது ஆனால் ரீஸ்டார்ட் வேண்டும், 1638 என்றால் இதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது. பூஜ்யம் அல்லாத எல்லாவற்றையும் தோல்வி என்று எடுத்துக்கொண்டு இன்ஸ்டாலையே நிறுத்திவிடும் இன்ஸ்டாலர்கள் உண்டு, அநியாயம்.

இரண்டாவது வழி, தேவையான ரன்டைம் டிஎல்எல்களை எக்ஸிஇ பக்கத்திலேயே காப்பி செய்வது. அட்மின் அனுமதி கேட்க முடியாத இடங்களுக்கு இது சரி. 2019 பதிப்பிலிருந்து 64 பிட்டுக்கு விசிரன்டைம்140_1 என்று இன்னொரு ஃபைலும் சேர்ந்துகொண்டது, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது வழி, ஸ்டாட்டிக் லிங்க் செய்து ரன்டைமை எக்ஸிஇக்குள்ளேயே அடக்கிவிடுவது. தனி எக்ஸிஇ ஒன்றே ஒன்று என்றால் நல்ல வழி. ஆனால் நாலைந்து டிஎல்எல் நீங்களே எழுதி, ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனி ரன்டைம் புகுந்துகொண்டால், ஒன்றில் ஒதுக்கிய மெமரியை இன்னொன்றில் விடுவிக்கப்போய் அப்ளிகேஷன் படுத்துவிடலாம்.

இன்னொரு விஷயம். 2015, 2017, 2019, 2022 பதிப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே 140 வரிசை ரன்டைம்தான். ஆனால் நீங்கள் கம்பைல் செய்த டூல்செட்டைவிட (கம்பைலர் தொகுப்பு) அவரிடம் உள்ள ரன்டைம் பழையதாக இருக்கக் கூடாது. அதே பெயரில் ஃபைல் இருக்கிறதே என்று மட்டும் பார்த்துவிட்டு ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் பேக்கேஜைத் தாண்டிப் போகாதீர்கள், பதிப்பு எண்ணையும் பாருங்கள்.

'விசிரன்டைம்140டி' என்று பெயரின் கடைசியில் ஒரு 'டி' சேர்த்துக் கேட்டால் கதையே வேறு. நீங்கள் டீபக் பில்டை, அதாவது பிழை தேடுவதற்கென்று எடுக்கும் பதிப்பை, கொடுத்திருக்கிறீர்கள். அந்த டீபக் டிஎல்எல்களை மற்றவர்களுக்கு வினியோகிக்க லைசென்ஸே கிடையாது. ரிலீஸ் பில்ட் எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: என்னென்ன டிஎல்எல் வேண்டும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு எரராகப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு ஃபைலாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதில்: அப்படிச் சேர்த்தால் முடிவே வராது. எக்ஸிஇக்குள் இம்போர்ட் டேபிள் என்று ஒன்று இருக்கிறது, எந்த டிஎல்எல்லில் எந்த ஃபங்ஷன் வேண்டும் என்ற பட்டியல். விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் டம்ப்பின் கட்டளையை டிபென்டன்ட்ஸ் ஸ்விட்ச்சோடு ஓட்டினால் அந்த டிஎல்எல் பெயர்களைக் காட்டும். காட்டிய ஒவ்வொரு டிஎல்எல்லுக்கும் திரும்ப அதையே ஓட்ட வேண்டும், ஏனென்றால் அதுவும் தன் பங்குக்கு நாலு டிஎல்எல் கேட்கும். பழைய டிபென்டன்சி வாக்கர் இதை மரமாக விரித்துக் காட்டும், ஆனால் விண்டோஸ் 10ல் அதைத் திறந்தால் 'ஏபிஐ எம்எஸ் வின்' என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் சிவப்பில் இல்லை இல்லை என்று வந்து பயமுறுத்தும். அவை உண்மையான ஃபைல்கள் அல்ல, விண்டோஸ் உள்ளுக்குள் வேறு டிஎல்எல்லுக்குத் திருப்பிவிடும் பெயர்கள். அதே வேலையைப் புதிதாகச் செய்யும் டிபென்டன்சீஸ் என்ற கருவிக்கு இந்தக் கணக்கு தெரியும், அதைப் பயன்படுத்துங்கள்.

இதிலும் பிடிபடாத ஒரு கூட்டம் இருக்கிறது. அப்ளிகேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது லோட்லைப்ரரி என்ற விண்டோஸ் ஃபங்ஷன் மூலம் பெயர் சொல்லி எடுக்கும் டிஎல்எல்கள் இம்போர்ட் டேபிளில் இருக்கவே இருக்காது. க்யூட்டி (ஜன்னல், பட்டன் எல்லாம் தரும் சி++ லைப்ரரித் தொகுப்பு) கொண்டு எழுதுபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது முட்டிக்கொள்ளும் இடம் இது. கோர், குய், விட்ஜெட்ஸ் டிஎல்எல்கள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும், ஆனாலும் 'விண்டோஸ் பிளாட்ஃபார்ம் பிளகினை ஏற்ற முடியவில்லை' என்று எரர் வரும். அது கேட்பது க்யூவிண்டோஸ்.டிஎல்எல். அதை எக்ஸிஇ பக்கத்தில் அப்படியே போட்டாலும் கண்டுகொள்ளாது, பிளாட்ஃபார்ம்ஸ் என்ற துணை ஃபோல்டர் செய்து அதற்குள் வைக்க வேண்டும். படங்கள் வரவில்லை என்றால் இமேஜ்ஃபார்மட்ஸ் ஃபோல்டர், டேட்டாபேஸ் இணையவில்லை என்றால் எஸ்க்யூஎல்டிரைவர்ஸ் ஃபோல்டர், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம். கையால் செய்யாதீர்கள், க்யூட்டியோடு வரும் வின்டிப்ளாய்க்யூடி கருவியை உங்கள் எக்ஸிஇ மேல் ஓட்டினால் அதுவே எல்லாவற்றையும் அந்தந்த ஃபோல்டரில் கொண்டுவந்து வைத்துவிடும்.

எதிலும் தெரியவில்லை என்றால் புராசஸ் மானிட்டர், ஒரு புரோகிராம் எந்தெந்த ஃபைலைத் தேடுகிறது என்று காட்டும் கருவி. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசம். ஃபில்டரில் உங்கள் எக்ஸிஇ பெயரைக் கொடுத்து, பாத் டிஎல்எல் என்று முடிபவை மட்டும் என்று வைத்துக்கொண்டு அப்ளிகேஷனைத் திறங்கள். வரிவரியாக ஓடும். ஒரு டிஎல்எல் உங்கள் ஃபோல்டரில் 'நேம் நாட் ஃபவுண்ட்', சிஸ்டம்32ல் 'நேம் நாட் ஃபவுண்ட்', பாத்தில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'நேம் நாட் ஃபவுண்ட்' என்று வரிசையாக வந்து, எங்கேயும் 'சக்சஸ்' வராமலே அடுத்த பெயருக்குப் போய்விட்டால் நீங்கள் தேடும் ஆள் அவர்தான். நடுவில் ஓரிடத்தில் சக்சஸ் வந்துவிட்டால் மேலே உள்ள தோல்விகளைக் கண்டுகொள்ள வேண்டாம், அது தேடல் வரிசை தன் வேலையைச் செய்வது. இன்னொரு பலனும் உண்டு: உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதை ஓட்டினால், எந்த டிஎல்எல் உங்கள் ஃபோல்டரிலிருந்து வராமல் பாத்தில் இருக்கும் வேறு ஏதோ சாஃப்ட்வேரின் ஃபோல்டரிலிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும். மற்றவர் கம்ப்யூட்டரில் காணாமல் போகப்போவது அதுதான்.

கேள்வி: எல்லா டிஎல்எல்லும் இருக்கிறது, ஆனாலும் 0எக்ஸ்சி000007பி என்று எரர். ஏன்?

பதில்: அநேகமாக 32 பிட்டும் 64 பிட்டும் கலந்துவிட்டன. 64 பிட் எக்ஸிஇக்கு 32 பிட் டிஎல்எல் ஆகாது, மறுபக்கமும் ஆகாது. டாட்நெட் என்றால் இதே கோளாறு 'பேட் இமேஜ் ஃபார்மட்' என்ற பெயரில் வரும். விண்டோஸ் வைத்த பெயர்களே குழப்பம்தான்: 64 பிட் டிஎல்எல்கள் இருப்பது சிஸ்டம்32 ஃபோல்டரில், 32 பிட் இருப்பது சிஸ்வாவ்64 ஃபோல்டரில். தட்டச்சுப் பிழை இல்லை, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு 32 பிட் இன்ஸ்டாலர் சிஸ்டம்32ல் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எழுதினால் விண்டோஸ் அதைக் கமுக்கமாகச் சிஸ்வாவ்64க்குத் திருப்பிவிடும். மேலே நண்பர் சொன்ன யோசனையை எடுத்திருந்தால் இந்தப் பள்ளத்திலும் விழுந்திருக்கலாம். இரண்டு வகையையும் ஆதரிக்க வேண்டும் என்றால் இரண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர், தனித்தனி பில்ட்.

கேள்வி: புதிய பதிப்பை இன்ஸ்டால் செய்தபிறகும் பழைய டிஎல்எல்லே இருக்கிறது. சில சமயம் டிஎல்எல்லே காணாமல் போகிறது! இன்ஸ்டாலரில் பிழையா?

பதில்: பிழை இல்லை, இன்ஸ்டாலர் விதிப்படிதான் நடக்கிறது. அந்த விதி யாருக்கும் தெரிவதில்லை என்பதுதான் பிரச்சினை.

இன்னோ செட்டப்பாகட்டும், விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற எம்எஸ்ஐயாகட்டும், ஒரு ஃபைல் ஏற்கெனவே இருந்தால் அதற்குள் எழுதியிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்க்கும். கொண்டுவந்திருப்பது பெரிய எண் என்றால் மாற்றும், சிறியது என்றால் விட்டுவிடும். இரண்டும் ஒரே எண் என்றாலும் விட்டுவிடும்! நீங்கள் கோடை மாற்றி, பில்ட் செய்து, பதிப்பு எண்ணை மட்டும் 1.0.0.0 என்றே விட்டுவைத்திருந்தால் இன்ஸ்டாலரைப் பொறுத்தவரை அது அதே பழைய ஃபைல்தான். ஃபைல் தேதி, சைஸ் எதையும் அது பார்க்காது. உங்கள் சொந்த டிஎல்எல்களுக்கு இன்னோவில் இக்னோர்வெர்ஷன் ஃபிளாக் போட்டுவிடுங்கள், எண் என்னவானாலும் மாற்றிவிடும். எல்லோரும் பகிரும் சிஸ்டம் ஃபைல்களுக்கு மட்டும் அந்த ஃபிளாக்கைப் போட்டுவிடாதீர்கள். எம்எஸ்ஐ என்றால் ஒவ்வொரு பில்டிலும் எண்ணைக் கூட்டுவதைப் பில்ட் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள், கையால் கூட்டிக்கொள்ளலாம் என்றால் மறந்துதான் போவீர்கள்.

காணாமல் போவது எம்எஸ்ஐயின் தனிச்சிறப்பு. நீங்கள் வாங்கிப் பயன்படுத்தும் லைப்ரரி ஒன்றில் புதிய பதிப்பு சரிப்படவில்லை என்று பழைய பதிப்புக்கே திரும்பிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கம்ப்யூட்டரில் 5.2 இருக்கிறது, உங்கள் புதிய எம்எஸ்ஐயில் 5.1. விண்டோஸ் இன்ஸ்டாலர் ஆரம்பத்திலேயே கணக்குப் போடுகிறது: அங்கே பெரிய எண் இருக்கிறது, ஆகவே நான் 5.1ஐ வைக்கப்போவதில்லை. அதன்பிறகு மேஜர் அப்கிரேட் வேலை தொடங்குகிறது, பழைய பதிப்பு முழுவதும் அன்இன்ஸ்டால் ஆகிறது, அதோடு 5.2ம் போகிறது. போட்ட கணக்கை அது திரும்பப் பார்ப்பதில்லை. 5.1 வராது, 5.2 இல்லை, அப்ளிகேஷன் திறக்காது. ரிப்பேர் கொடுத்தால் உடனே சரியாகிவிடும், அதனால்தான் இதைப் பலர் ஏதோ மாயம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். லைப்ரரியைக் கீழ்ப்பதிப்புக்கு இறக்கும் ஒவ்வொரு முறையும் பழைய பதிப்பு போட்ட கம்ப்யூட்டரின் மேல் அப்கிரேடை ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு, புதிய பதிப்பில் நீங்கள் கைவிட்ட டிஎல்எல் அங்கேயே கிடப்பது. சும்மா கிடந்தால் பரவாயில்லை, பிளகின் ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் ஏற்றும் அப்ளிகேஷன் என்றால் அந்தப் பழையதையும் சேர்த்து ஏற்றித் தொலைக்கும். இன்னோவில் இன்ஸ்டால்டிலீட் பகுதியில் அதன் பெயரைச் சொல்லி நீக்குங்கள். ஃபோல்டர் மொத்தத்தையும் துடைக்காதீர்கள், பயனர் தனக்கென்று ஏதாவது அங்கே வைத்திருப்பார்.

கேள்வி: அன்இன்ஸ்டால் செய்யும்போது 'இந்த ஃபைலை வேறு புரோகிராம்களும் பயன்படுத்தலாம், நீக்கவா?' என்று முன்பெல்லாம் கேட்குமே, அது எதற்கு?

பதில்: அது டிஎல்எல் நரகம் என்று பெயர் வாங்கிய காலத்தின் மிச்சம். விண்டோஸ் 95, 98 நாட்களில் ஒவ்வொரு இன்ஸ்டாலரும் தன் கையில் இருந்த டிஎல்எல்லைக் கொண்டுபோய் சிஸ்டம் ஃபோல்டரில் கொட்டியது. சில இன்ஸ்டாலர்கள் பதிப்பைக்கூடப் பார்க்காமல் புதியதன் மேல் பழையதை எழுதின. நீங்கள் போட்டது ஒரு விளையாட்டு, மறுநாள் நின்றுபோனது அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கணக்கு சாஃப்ட்வேர். ரெஜிஸ்ட்ரியில் ஷேர்டுடிஎல்எல்ஸ் என்ற இடத்தில் ஒவ்வொரு ஃபைலுக்கும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கை வைத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். இன்ஸ்டால் செய்தால் ஒன்று கூட்ட வேண்டும், அன்இன்ஸ்டாலில் ஒன்று குறைக்க வேண்டும், பூஜ்யம் ஆனால் நீக்கலாம். கூட்ட மறந்த இன்ஸ்டாலர்கள் ஏராளம், அந்த நம்பிக்கையின்மைதான் உங்களிடம் கேள்வியாக வந்தது. 2000ல் வந்த விண்டோஸ் 2000, சிஸ்டம் ஃபைலை யாராவது மாற்றினால் திரும்பப் பழையதை வைத்துவிடும் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. 2001ல் எக்ஸ்பி, ஒரே டிஎல்எல்லின் பல பதிப்புகள் அக்கம்பக்கத்தில் வாழும் வசதியைக் கொடுத்தது. இன்று ஹார்டு டிஸ்க்கில் இடப் பஞ்சம் இல்லை, உங்கள் டிஎல்எல் உங்கள் ஃபோல்டரில் இருந்தால் இந்தக் கூட்டல் கழித்தல் எதுவும் தேவையில்லை.

கேள்வி: டிஎல்எல்லே வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே எக்ஸிஇயாக ஆக்கிவிட்டால்?

பதில்: ஆகும். ஆனால் பல கருவிகள் செய்வது, உள்ளே பொதிந்ததை ஓடும்போது டெம்ப் ஃபோல்டரில் விரித்து அங்கிருந்து ஏற்றுவது. பைதான் புரோகிராமை எக்ஸிஇயாக்கும் பைஇன்ஸ்டாலரின் ஒன்ஃபைல் முறை அப்படித்தான், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விரிக்கும், திறக்க நேரம் எடுக்கும், ஆன்டிவைரஸ்கள் அதைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். எப்படியும் இன்ஸ்டாலர் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் இந்தச் சாகசம் எதற்கு? எல்ஜிபிஎல் உரிமத்தில் உள்ள லைப்ரரி (க்யூட்டியின் பெரும்பகுதி அந்த வகை) இருந்தால் இன்னும் யோசியுங்கள். பயனர் அந்த லைப்ரரியைத் தான் மாற்றிய பதிப்பாக வைத்து ஓட்ட வழி இருக்க வேண்டும் என்கிறது உரிமம், தனி டிஎல்எல்லாக இருந்தால் அது தானாக நிறைவேறிவிடும். உரிம வாசகத்தையும் இன்ஸ்டாலரில் சேர்க்க மறக்காதீர்கள்.

கேள்வி: செட்டப் ஃபைலே ஆபத்தாகலாம் என்று படித்தேன், உண்மையா?

பதில்: உண்மைதான். முதலில் எக்ஸிஇ இருக்கும் ஃபோல்டர் என்று சொன்னேன் இல்லையா, அந்த விதி செட்டப் எக்ஸிஇக்கும் பொருந்தும். செட்டப் எங்கே இருக்கிறது? டவுன்லோட்ஸ் ஃபோல்டரில். அங்கே வேறு ஏதோ தளத்திலிருந்து வந்த வெர்ஷன்.டிஎல்எல் என்ற நச்சு ஃபைல் கிடந்தால், அட்மின் அனுமதியோடு ஓடும் உங்கள் செட்டப் அதையே ஏற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்ளிகேஷன்கள் டிஎல்எல்லைக் கண்ட இடத்திலிருந்து ஏற்றுவது பற்றி 2010லேயே மைக்ரோசாஃப்ட் பொது எச்சரிக்கை விட்டது. இன்னோ செட்டப், என்எஸ்ஐஎஸ் போன்ற இன்ஸ்டாலர் செய்யும் கருவிகளின் புதிய பதிப்புகளில் இதற்குத் தற்காப்பு சேர்த்திருக்கிறார்கள், ஆகவே பத்து வருடப் பழைய பதிப்பில் செட்டப் செய்துகொண்டிருந்தால் உடனே மாறுங்கள். உங்கள் அப்ளிகேஷன் அட்மினாக ஓடுவது என்றால் அதைப் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் மட்டும் போடுங்கள், சாதாரணப் பயனர் எழுதக்கூடிய ஃபோல்டரில் போட்டால் யார் வேண்டுமானாலும் பக்கத்தில் ஒரு டிஎல்எல்லை வைத்துவிட்டுப் போகலாம்.

கேள்வி: டெஸ்க்டாப் ஐகானிலிருந்து திறந்தால் நன்றாக ஓடுகிறது. அப்ளிகேஷனின் டேட்டா ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தால் மட்டும் பிளகின் டிஎல்எல் கிடைக்கவில்லை என்கிறது.

பதில்: கோடில் 'பிளகின்ஸ்' ஃபோல்டருக்குப் பாதி விலாசம் மட்டும் எழுதியிருப்பீர்கள். அது ஒர்க்கிங் ஃபோல்டரிலிருந்து கணக்காகிறது. ஐகானில் 'ஸ்டார்ட் இன்' என்ற இடத்தில் இன்ஸ்டாலர் உங்கள் ஃபோல்டரை எழுதிவைத்திருக்கிறது, அதனால் தப்பித்தீர்கள். டேட்டா ஃபைலை டபுள் கிளிக் செய்யும்போது ஒர்க்கிங் ஃபோல்டர் அந்த டேட்டா ஃபைல் இருக்கும் இடமாகிவிடுகிறது. கெட்மாட்யூல்ஃபைல்நேம் என்ற ஃபங்ஷன் மூலம் எக்ஸிஇயின் முழு விலாசத்தை எடுத்து, அதிலிருந்து பிளகின் விலாசத்தைக் கட்டி லோட்லைப்ரரிக்குக் கொடுங்கள். பாத்தில் உங்கள் ஃபோல்டரைச் சேர்த்துவிட்டால் போதுமே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அப்படிச் சேர்த்தால் உங்கள் டிஎல்எல்கள் மற்ற எல்லா அப்ளிகேஷன்களின் தேடலிலும் போய்க் குறுக்கே நிற்கும்.

கேள்வி: சோதிக்க இன்னொரு கம்ப்யூட்டர் இல்லை. என்ன செய்வது?

பதில்: விண்டோஸ் 10ன் 1903 பதிப்பிலிருந்து புரோ, என்டர்பிரைஸ் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் சேண்ட்பாக்ஸ் இருக்கிறது. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் டிக் செய்தால் போதும். திறக்கும் ஒவ்வொரு முறையும் புத்தம் புதிய விண்டோஸ், மூடினால் எல்லாம் அழிந்துவிடும். செட்டப்பை அதற்குள் காப்பி செய்து ஓட்டிப் பாருங்கள். ஹோம் பதிப்பு என்றால் விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் சாஃப்ட்வேர்) ஒரு விண்டோஸ் போட்டு, வேறு எதுவும் இன்ஸ்டால் செய்யாமல் ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் பதிவு) எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அதற்கே திரும்புங்கள். அப்கிரேடைச் சோதிக்க இதுதான் சேண்ட்பாக்ஸைவிட வசதி, பழைய பதிப்பு போட்ட நிலையிலும் ஒரு ஸ்னாப்ஷாட் வைத்துக்கொள்ளலாம். அந்த விண்டோஸில் அவசரத்துக்கு என்று விஷுவல் ஸ்டுடியோவை மட்டும் போட்டுவிடாதீர்கள்.